அந்த அட்டையில் ‘இ’ இல்லை

உங்கள் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்திருப்பார்கள். எங்கள் காலத்தில் அது பழைய பிஸ்கட் டின். இப்போது பிளாஸ்டிக் டப்பா என்று கேள்விப்பட்டேன். உள்ளே வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும். புத்தாண்டு ஆராதனைக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு முதல் தேதி காலையில் அதைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். அட்டையில் வேதத்திலிருந்து ஒரு வசனம் இருக்கும். அந்த ஆண்டு முழுவதும் ஆண்டவர் தங்களுக்குச் சொல்லும் பேச்சு அதுதான் என்று எடுத்தவர்கள் நம்புவார்கள். அப்படி நம்புவது சரியா, தவறா என்று போதகர்கள் வாதாடிக்கொள்ளட்டும், நமக்கு அந்த வம்பு வேண்டாம். நம் வேலை பெட்டியை நீட்டுவது மட்டும்.

நீட்டுவது மட்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நிலையில்லாத காலத்தில் நிலையான விசுவாசத்தை எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றி, வீடு சந்திக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதித் தர வேண்டுமாம். சபையில் கேட்டார்கள். நல்ல ஆளைப் பிடித்தார்கள். முப்பது ஆண்டுகள் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் தமிழ்ச் சபையில் பைபிள் அம்மாவாக வேலை பார்த்தேன். விசுவாசத்தை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் அதைத் தப்பாகக் கட்டினேன். அது நின்றது. பிறகு நானே அதை இடித்தேன். அதற்கப்புறம் அங்கே நடந்தது எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. விளங்காததைத்தான் எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்கும் வந்து சொல்லுங்கள்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீர் விவகாரம் பெங்களூரில் கலவரமாக வெடித்தது. எங்கள் சபை இருந்த பக்கத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கண்டோன்மென்ட்டின் பழைய குடும்பங்கள் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டார்கள். என் பொறுப்பில் இருந்த அடுகோடி அப்படி இல்லை. பட்டறைகளும் ஒண்டுக் குடித்தனங்களும் நிறைந்த இடம், தமிழர்கள் நிறைய. அங்கே கல் விழுந்தது, தீயும் வைத்தார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வீடு வீடாகப் பாடப் போகவில்லை. தெருவில் நின்று தமிழில் சத்தமாகப் பாட யாருக்கும் தைரியம் வரவில்லை.

மெட்ராஸிலிருந்து வர வேண்டிய அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளும் அந்தக் கலவரத்தில் வந்து சேரவில்லை. மாதர் சங்கத்துப் பெண்கள் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டிக் கொடுத்தார்கள், நான் உட்கார்ந்து என் கையால் வசனங்களை எழுதினேன். அவசரத்தில் எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்றெல்லாம் குறிக்கவில்லை. வெறும் வசனம்தான், அதுவும் ஞாபகத்தில் இருந்தபடி.

ஸ்டெல்லா அடுகோடியில் இருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. கணவர் தேவராஜ் ஆம்பூர்க்காரர், லேத் பட்டறையில் டர்னர். ஆறு வயதில் ஒரு மகள். ஸ்டெல்லா பிறந்ததும் படித்ததும் பெங்களூரில், கன்னடப் பள்ளியில். தமிழ் பேசுவாள், தமிழில் அழுது ஜெபிப்பாள், ஞானப்பாட்டுகள் மனப்பாடம். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவள் வாசிக்கிற வேதாகமம் கன்னடத்தில் இருந்தது. பெங்களூரில் இது அதிசயமில்லை. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேவராஜ் வேலை செய்த பட்டறையைக் கலவரத்தில் அடித்து நொறுக்கிவிட்டார்கள். மறுநாளே அவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்குப் போய்விட்டார். ‘அண்ணன் வீட்டுல இடம் பார்க்கிறேன், நீங்க பின்னாடி வாங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவியும் பிள்ளையும் இங்கே.

முதல் தேதி காலையில் நான் பெட்டியோடு போனபோது ஸ்டெல்லாவின் கண்கள் வீங்கியிருந்தன.

“அக்கா, ரெண்டு நாளா அவரு தெருமுனை கடைக்கு போன் பண்ணி வா வான்றாரு. பொங்கலுக்குள்ள காலி பண்ணிட்டு வந்துடுன்றாரு. இங்க எனக்கு வேலை இருக்கு, பாப்பாக்கு ஸ்கூல் இருக்கு. அங்க போய் இன்னா பண்றது? இங்க இருந்தா எவன் எப்ப வருவானோன்னு பயம். ஒண்ணும் கொத்தாகல, புரியல. அதான் நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். கார்டுல ஆண்டவர் இன்னா சொல்றாரோ அதான். போன்னா போறேன், இருன்னா இருக்கேன்.”

அந்த இடத்தில் நான் மூடியைச் சாத்தியிருக்க வேண்டும். ‘இதை வைத்து அப்படி முடிவெடுக்கக் கூடாதம்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும், தெரிந்தும் பெட்டியை நீட்டினேன். அவள் கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுத்து, என் கையில் கொடுத்தாள்.

“படிங்கக்கா.”

என் கையெழுத்துதான். ‘நீ போகும் வழியில் உனக்கு முன்னே நானே போவேன்.’

போ என்று எழுதியிருந்தது. அவள் காதில் அது எப்படி விழும் என்று சொல்லவே வேண்டாம், அன்று சாயங்காலமே மூட்டை கட்டியிருப்பாள். நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“‘இந்தத் தேசத்திலே இரு, நான் உன்னோடு இருப்பேன்.’”

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். அவளுடைய வேலையை நினைத்து, பிள்ளையின் படிப்பை நினைத்து என்று பல வருஷங்கள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. அன்று காலை அவள் வீட்டுக்கு வருமுன் நான் தட்டப் போன மூன்று வீடுகளிலும் பூட்டுத் தொங்கியது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஊரில் வேறு உறவு இல்லை. எல்லோரும் போய்விட்டால் நான் யார் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன் என்ற பயம் எனக்கு. என் பயத்தை எடுத்து ஆண்டவர் பெயரில் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “எங்க வருதுக்கா இது?” என்றாள். பஞ்சத்துக்குப் பயந்து ஊரை விட்டுக் கிளம்பிய ஒருவனுக்குக் கடவுள் சொன்ன வார்த்தை அது. எந்த அதிகாரம் என்று சொன்னேன். தன் கன்னட வேதாகமத்தில் தேடினாள். அங்கே அது இருந்தது, இருக்கத்தானே செய்யும்! சிவப்புப் பென்சிலால் கோடு போட்டாள். பிறகு அட்டையின் பின்னால் மைதாப் பசை தடவி, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினாள். கன்னடத்தில் ‘இரு’ என்றும் தமிழில் ‘போ’ என்றும் ஒரே வீட்டில் ஆண்டவர் பேசிக்கொண்டிருக்க, நான் காலி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வாரமே போதகரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், கலவரத்தில் சிக்கிய குடும்பங்களுக்காக அலைந்து களைத்துப் போயிருந்தார்.

“நீ சொன்னது வேதத்துல இருக்கிற வசனந்தானே?” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“எடுத்ததும் வேதத்துல இருக்கிறதுதானே?”

“ஆமாங்கய்யா.”

“அப்புறம் என்னம்மா, ரெண்டும் அவர் பேச்சுதான். போய் வேலையைப் பாரு.”

கேட்டபோது நிம்மதியாக இருந்தது. கேட்டைத் தாண்டுமுன் அந்த நிம்மதி போய்விட்டது. அவர் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, சரி என்றும் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து தேவராஜ் தானாகவே திரும்பி வந்தார். நான் போயிருந்த ஒரு மாலை, கண்ணாடி முன் நின்று தலைசீவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்பூர்ப் பள்ளியில் படித்தவர் ஆயிற்றே! அவருடைய கண் அட்டைக்குப் போனது, சீப்பு நின்றது. உள்ளே அடுப்படியில் ஸ்டெல்லா, “அதாங்க ஆண்டவர் எனக்குக் குடுத்தது. இருன்னு சொல்லிட்டாரு, நான் எங்கயும் வர மாட்டேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு தடவை படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

“டீ குடிங்க சிஸ்டர்” என்றார். அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை? கோபமா, என்னைக் காப்பாற்றினாரா, பிற்பாடு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டாரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றிலிருந்து அவர் எதிரில் வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவரோ ஒவ்வொரு தடவையும் டீ குடிங்க சிஸ்டர் என்பார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு எட்டு வருஷம் குறுகுறுத்தது. அவள் வீட்டில் ஜெபக்கூட்டம் வந்தால் முதல் ஆளாகப் போய் அந்த அட்டைக்கு முன்னால் நின்றுகொள்வேன். உட்காரும்மா என்றால் இடுப்பு வலி என்பேன். ஒரு மணி நேரம் நின்றே ஜெபிக்கிறாளே என்று சபையில் எனக்குப் பக்தியுள்ளவள் என்று பெயர் வந்தது. பாருங்கள், நாம் வாங்கும் நல்ல பெயர்களில் பாதி இப்படித்தான் வருகிறது.

தொண்ணூற்று நான்கில் தேவராஜ் வேறொரு பட்டறையில் பிரஸ் மிஷினில் வேலை செய்தபோது வலது கையில் இரண்டு விரல்களை இழந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஸ்டெல்லாவுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். “இருன்னு சொன்னவரு பார்த்துக்குவாருக்கா, நீங்க அழாதீங்க” என்றாள். ஆம்பூருக்குப் போயிருந்தால் அந்த விரல்கள் அவர் கையிலேயே இருந்திருக்குமே என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அதே சமயம் இங்கே இருந்ததால்தான் ஸ்டெல்லா கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் ஆனாள், மகள் நன்றாகப் படித்தாள். எதை எதோடு வைத்துப் பார்ப்பது? இரவெல்லாம் யோசித்தாலும் பிடிபடவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவளுடைய விசுவாசம் கல்லுப் போல இருந்தது. அவளோடு தையல் லைனில் இருக்கிற பெண்கள் வேலை போகும் என்று பயந்தாலும், புருஷன் அடித்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் வீட்டுக்குத்தான் வந்து அழுவார்கள். அவள் அந்தச் சுவரைக் காட்டித் தேற்றுவாள். பொய்யைக் கேட்டவள் அசையாமல் இருந்தாள், பொய்யைச் சொன்ன நான் ஆடிக்கொண்டிருந்தேன். இப்படியும் நடக்குமா என்று உங்கள் பயிற்சிப் பாடங்களில் எங்கும் எழுதியிருக்காது.

தொண்ணூற்றொன்பது முடியும் தறுவாயில் சபையில் தமிழ் எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். கன்னடத்தில் படித்த நம் பிள்ளைகளும் பெண்களும் தமிழில் வேதம் வாசிக்க வேண்டும் என்று நல்ல எண்ணம். யார் நடத்துவது? வேறு யார், நான்தான். முதல் நாள் முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள்.

“இத்தனை வருஷமா சுவத்துல இருக்கு. ஒரு தடவையாவது நானே என் வாயால படிக்கணும்க்கா.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதீர்கள். உயிரெழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘ட, ப, ம என்று சுலபமான வடிவங்களில் தொடங்குவதுதான் புதிய முறை’ என்று அளந்துவிட்டேன். ட வந்தது, ப வந்தது, ம வந்தது. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். மூன்று வாரம் ழகரத்திலேயே உட்கார்ந்திருந்தோம். “அக்கா, ஆறு மாசமாச்சு, இன்னும் அ வரலையே?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லாம் வரும் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் எழுத்து எழுத்தாக மறைத்தேன்.

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். வகுப்பைப் போதகரின் மனைவி எடுத்தார். அவருக்குப் புதிய முறை எல்லாம் தெரியாது. நேராகக் கரும்பலகையில் அ, ஆ, இ, ஈ எழுதிவிட்டார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் கொம்பும் காலும் எல்லாம் வந்துவிட்டன. கெட்டிக்காரிகள், நான் எழுந்து நடமாடுவதற்குள் பாதித் தமிழைக் கற்றுக்கொண்டார்கள்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. அந்தச் சமயம் பார்த்துப் பெரிய கன்னட நடிகர் ஒருவரைக் காட்டுக்குக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள், ஊரில் தமிழர்களுக்கு மறுபடி பயம் வந்தது. பந்த் என்றார்கள், பஸ் ஓடவில்லை, பட்டறைகளும் கார்மெண்ட்ஸும் மூடிக் கிடந்தன. பழையபடி ஆகிவிடுமோ என்று அடுகோடியில் சிலர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். கொஞ்சம் ஓய்ந்த ஒரு மதியம், ஸ்டெல்லா வரச் சொன்னாள் என்று ஆள் வந்தது. போனேன்.

தேவராஜ் வேலை இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் போடுகிற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா என்னைக் கண்ணாடிப் பக்கம் கூட்டிப் போனாள்.

“பக்கத்துல எல்லாரும் கெளம்புறாங்க. எங்கிட்ட வந்து இன்னா பண்ணலாம்னு கேட்டாங்க. நான் இந்தக் கார்டை எடுத்துக் காட்டி, நானே படிச்சுக் காட்டலாம்னு பார்த்தேன்க்கா.” விரலை அட்டையில் வைத்தாள். “இதுல ‘இ’ எங்க இருக்கு?”

நான் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

“‘இந்தத் தேசத்துல இரு, உன்னோட இருப்பேன்’னா மூணு ‘இ’ வரணும்ல? ஒண்ணும் காணோம். ‘போ’ன்னு ரெண்டு எடத்துல இருக்கு.” அவள் குரலில் சந்தேகம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. “கன்னடம் படிச்ச கண்ணு, ஒரு வேளை நான்தான் தப்பா படிக்கிறேனாக்கா?”

நீங்கள் அந்த இடத்தில் நின்று பாருங்கள். தப்பிக்கிற வழியை அவளே திறந்து வைத்திருக்கிறாள். ‘ஆமாம்மா, அது பழைய எழுத்து, உனக்குப் புரியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரு முழுவதும் பயந்து கிடக்கிற நேரம். இவள் ஒருத்திதான் திடமாக நிற்கிறாள். அவள் காலுக்குக் கீழே இருப்பதை இப்போதா உருவுவது? கருணை என்றால் பொய் சொல்வதுதான் கருணை என்று எனக்கே தோன்றியது. ஆனால் அவள் தன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பிக்கொண்டு நிற்கிறாள். இன்னொரு தடவை பொய் சொன்னால் அவள் கற்ற எழுத்தையும் நான் பிடுங்கிக்கொள்வேன். இதையெல்லாம் அப்போது யோசித்தேனா, பிற்பாடு யோசித்தேனா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

“நீ சரியாத்தான் படிக்கிற ஸ்டெல்லா. நான்தான் அன்னைக்குத் தப்பா படிச்சேன். தெரிஞ்சேதான் படிச்சேன்.”

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்போ இருன்னு சொன்னது யாரு? நீங்களா?”

“வசனம் அவருது. உனக்குன்னு எடுத்துக் குடுத்தது நான்.”

“அப்போ எனக்குன்னு அவரு சொன்னது எது?”

“எனக்குத் தெரியலம்மா” என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டிலிலிருந்து தேவராஜ் பேசினார். “எனக்கு அன்னைக்கே தெரியும் ஸ்டெல்லா. ஆம்பூர்லர்ந்து வந்தப்பவே படிச்சேன்.”

அவள் விருட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“முன்னாடி போறேன்னு எழுதியிருந்துச்சு” என்றார் அவர். “முன்னாடி போனவன் நான்தான். கல்லு விழுற எடத்துல உன்னையும் பாப்பாவையும் உட்டுட்டு ஓடினவன். நீ தைரியமா இங்கயே இருந்துட்டு, ஆண்டவர் இருன்னு சொன்னாருன்னு சொல்ற. ஓடிப் போனவன் எந்த வாயால அத இல்லன்னு சொல்லுவேன்?”

ஸ்டெல்லா அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. என் வீட்டு சுவரு, எனக்கு மட்டுந்தான் தெரியல.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க போங்கக்கா.”

அந்த ‘போ’வில் எந்தக் குழப்பமும் இல்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

அவள் ஊரை விட்டுப் போகவில்லை, பதற்றமும் மெல்ல அடங்கியது. ஆனால் சபைக்கு வரவில்லை, எழுத்து வகுப்புக்கும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு தேவராஜும் மகளும் மட்டும் வந்தார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “வேலைக்குப் போறா, வரா. ஜெபம் பண்றதில்ல சிஸ்டர்” என்றார். ஒரு பெண்ணின் விசுவாசத்தைக் கொன்றுவிட்டோம் என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன். பொய்யைச் சொன்னது தப்பா, உண்மையைச் சொன்னது தப்பா? இரண்டும் தப்பு என்றே பட்டது.

அப்போது புதிதாக வேறொரு போதகர் வந்திருந்தார், என்னைவிட இளையவர். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்கு வசனம் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கே அவரைக் கும்பிட வேண்டும்.

“வேலைய விடுறது சுலபம்மா. முதல் தேதி பெட்டிய எடுத்துக்கிட்டு அந்த வீட்டுக்கும் போங்க. கதவு திறக்கலைன்னா திரும்பி வாங்க, அப்புறம் பேசுவோம்” என்றார்.

போனேன். கதவைத் திறந்தது ஸ்டெல்லாதான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த அட்டை அங்கேயே இருந்தது. கிழித்துப் போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

“பெட்டியக் கீழ வையுங்கக்கா. கையில பிடிக்காதீங்க.”

வைத்தேன். அவள் குனிந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். உதடுகள் அசைந்தன. வெகு நேரம் எடுத்தது. நடுவில் ஒரு இடத்தில் நின்று, பின்னால் போய், மறுபடி படித்தாள்.

“இன்னா வந்திருக்கும்மா?” என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

“அது எனக்கு” என்றாள். அட்டையைத் தன் கன்னட வேதாகமத்துக்குள் வைத்து மூடினாள். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளினாள். “நீங்க எடுங்க.”

“நான் சபையிலேயே எடுத்துட்டேன்மா.”

“பரவால்ல, எடுங்க. நீங்க எனக்குப் படிச்சீங்க இல்ல, இப்ப நான் உங்களுக்குப் படிக்கிறேன்.”

எடுத்தேன். கை தானாக மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடிப் பைக்குள் போனது.

“கண்ணாடி பேடா” என்றாள், வேண்டாம் என்பதைக் கன்னடத்தில், என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு. வெறுங்கண்ணுக்கு எனக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அவள் என்ன வேண்டுமானாலும் படிக்கலாம். எனக்கு உறைக்கிற மாதிரி ஒரு வசனத்தைச் சொல்லலாம், வேதத்தில் அதற்கா பஞ்சம்? அவள் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய இடத்தில் நான் நின்றேன். எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் நின்ற இடம் அது.

எழுத்துக் கூட்டிப் படித்தாள். காத்திரு என்று வந்தது. உன் இருதயத்தை அவர் உறுதிப்படுத்துவார் என்று வந்தது. நடுவில் ஒரு சொல்லில் தடுக்கி, விரலை வைத்து, “இ… ரு… த… யத்தை” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“இதுல ‘இ’ இருக்குக்கா” என்றாள். சிரித்தாளா, குத்திக் காட்டினாளா என்று வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, டீ போட உள்ளே போனாள்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அவள் விசுவாசம் திரும்பி வந்ததா, அது போகவே இல்லையா, புதிதாக வேறொன்று முளைத்ததா, நான் அறியேன். இரண்டு வாரம் கழித்து ஆராதனைக்கு வந்தாள், என் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்கடுத்த மாதம் உட்கார்ந்தாள்.

ஆனால் அன்று நான் செய்த இன்னொன்றையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அவள் வீட்டு வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பியதும், பட்டறைச் சுவரோரம் நின்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த அட்டையைப் பார்த்தேன். அவள் படித்தது படித்தபடியே இருந்தது, ஓர் எழுத்தும் மாறவில்லை. ‘இ’ இருந்தது. சந்தேகப்பட்டுப் பார்த்தவள் நான்தான்.